கஞ்சி மட்டும் குடித்த மாமிக்குச் சீனி ஏன் ஏறியது?

போன மாரியில், மழை விடாமல் அடித்த ஒரு கிழமை, மாமிக்குக் காய்ச்சல் பிடித்தது. மட்டக்களப்புப் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து இருப்பார். அதனால் நான் இருப்பதும் களுவாஞ்சிகுடியில் மாமியின் வீட்டில்தான். மூன்று நாளாக அவர் வாயில் வைத்தது அரிசிக் கஞ்சியும் கொத்தமல்லி அவித்த தண்ணீரும் மட்டும். அவர் சீனி வருத்தக்காரர் என்பதால் நான்காம் நாள் காலை விரலில் குத்தி மெஷினில் இரத்தச் சீனியைப் பார்த்தோம். 318. வழக்கமாக வெறும் வயிற்றில் 130, 140இல் நிற்கிற ஆள்.

"களவாகச் சீனி போட்டுத் தேத்தண்ணி குடிச்சிருப்பா" என்றான் மச்சான். மாமி பதில் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார்: "நான் ஒண்டும் தின்னல்ல மகன்."

அவர் சொன்னது உண்மை. அன்று மாலை ஆஸ்பத்திரியில்தான் அது எங்களுக்கு விளங்கியது. நெஞ்சில் கிருமி, நியுமோனியா. "சாப்பாடு இல்ல, காய்ச்சல்தான் சீனிய ஏத்தினது" என்றார் டொக்டர். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறவன். நிர்ப்பீடனத்தை, அதாவது உடம்பு கிருமியை எதிர்க்கும் ஏற்பாட்டை, ஒரு பாடமாகவும் ஓமோன்களை வேறொரு பாடமாகவும் வருடா வருடம் படிப்பிக்கிறேன். இந்த இரண்டும் உடம்புக்குள் ஓயாமல் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கின்றன என்று வாயால் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் வீட்டில் ஒருவர் காய்ச்சலில் கிடந்தபோது அது நினைவுக்கு வரவில்லை. அந்தப் பேச்சைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

உடம்புக்குள் கிருமி நுழைந்ததும் அதை முதலில் காண்பவை வெண்குருதிக் கலங்கள். சில கலங்கள் கிருமியை விழுங்கும். விழுங்குவதோடு நில்லாமல் சின்னச் சின்னப் புரதங்களைச் சுரந்து மற்றக் கலங்களுக்கும் செய்தி அனுப்பும். இந்தச் செய்திப் புரதங்களுக்குச் சைற்றோகைன்கள் என்று பெயர். இவற்றில் முதலில் பிடிபட்டவற்றுள் ஒன்று இன்டர்பெரோன். வைரசு தொற்றிய கலம் ஏதோ ஒன்றை வெளியே விட, அதனால் பக்கத்துக் கலங்கள் வைரசுக்கு மசியாமல் நிற்பதை 1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜீன் லிண்டன்மன் என்ற இருவர் கண்டார்கள். அதன் பிறகு டசின் கணக்கில் சைற்றோகைன்கள் கண்டுபிடிக்கப்பட்டன. நமக்கு இங்கே மூன்றின் பெயர் தெரிந்தால் போதும்: இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, ரி.என்.எஃப். காய்ச்சல் வந்தால் பெரும்பாலும் இவை மூன்றும் சேர்ந்தே எழும்.

சரி, ஓமோனுக்கும் சைற்றோகைனுக்கும் என்ன வித்தியாசம்? சைற்றோகைன் என்பது வேலிக்கு மேலால் எட்டிப் பக்கத்து வீட்டாரிடம் ஒரு சங்கதி சொல்வது போன்றது. பெரும்பாலும் அடுத்த கலம், அதற்கடுத்த கலம், அவ்வளவுதான் அது போகும் தூரம். ஓமோன் என்பது கோயில் ஒலிபெருக்கி. ஓரிடத்துச் சுரப்பி பேசும், இரத்தம் அதை ஊர் முழுக்கக் கொண்டுபோகும். ஆனால் தொற்றுக் கடுமையாகும்போது வேலிப் பேச்சே பெருத்து, இரத்தத்தில் கலந்து, ஒலிபெருக்கி போலவே எல்லா இடத்துக்கும் கேட்கத் தொடங்கிவிடும். மூளைக்கும் ஈரலுக்கும் சுரப்பிகளுக்கும் கேட்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே நாம் போடும் கோடு அவ்வளவு தடிப்பானதல்ல. பசியை அடக்கும் லெப்ரின் ஓமோனும் வளர்ச்சி ஓமோனும் கலத்தில் போய்ப் பிடிக்கும் வாங்கிகள் சைற்றோகைன் வாங்கிகளின் குடும்பத்தையே சேர்ந்தவை. நாங்கள்தான் புத்தகத்தில் வேறு வேறு அத்தியாயத்தில் வைத்திருக்கிறோம்.

இப்போது மாமியின் 318க்கு வருவோம்.

கிருமியோடு சண்டை பிடிக்கும் வெண்குருதிக் கலத்துக்கு எரிபொருள் வேண்டும். அது குளுக்கோசைத்தான் பெரும்பசியோடு எரிக்கும். ஆகவே உடம்பு அந்த நேரத்தில் சீனியை இரத்தத்தில் தாராளமாக ஓடவிடப் பார்க்கிறது. அதற்கு இரண்டு வழி. முதலாவது, சைற்றோகைன்களின் செய்தி கேட்டு மூளை உசுப்பப்பட்டு, கோட்டிசோல், அதிரினலின் என்ற ஓமோன்கள் ஏறும், குளுக்ககன் என்ற ஓமோனும் கூடும். இந்த மூன்றும் ஈரலிடம் சொல்வது ஒன்றுதான்: சேமித்து வைத்திருக்கும் சீனியை வெளியே விடு, தீர்ந்துவிட்டால் புதிதாகச் செய். தசைப் புரதத்தை உடைத்துக்கூட ஈரல் சீனி செய்யும். கஞ்சியோடு கிடக்கிறவரின் இரத்தத்தில் சீனி எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் இதுதான். அடுப்படியில் இருந்து வரவில்லை, ஈரலில் இருந்து வந்தது.

இரண்டாவது வழி இன்னும் நுட்பமானது. இன்சுலின் ஒரு கலத்தின் கதவைத் தட்டுகிறது என்று வையுங்கள். தட்டினால் மட்டும் கதவு திறக்காது. உள்ளே ஒருவர் எழுந்து போய் "இன்சுலின் வந்திருக்கிறது, சீனியை உள்ளே எடுங்கள்" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லப் போகும் ஒரு புரதம் கலத்துக்குள் இருக்கிறது. இன்சுலின் தட்டும்போது அந்தப் புரதத்தில் சரியான இடத்தில் ஒரு பொசுபேற்றுத் துண்டு ஒட்ட வேண்டும். ரி.என்.எஃப் வந்தால் அந்தத் துண்டு பிழையான இடத்தில் ஒட்டிவிடும். பிறகு இன்சுலின் எவ்வளவு தட்டினாலும் உள்ளே செய்தி சரியாகப் போகாது. தசை தன் பங்குச் சீனியை எடுக்காமல் விட, அது இரத்தத்திலேயே நிற்கிறது. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம்.

சுகதேகியாக இருக்கும் ஒருவருக்கும் இதே கூத்து உள்ளே நடக்கும். ஆனால் அவருடைய சதையி இன்னும் கொஞ்சம் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டிவிடும். சீனி வருத்தக்காரரின் சதையியால் அது முடியாது. அதற்கு மேல் நாங்களும் ஒரு பிழை விட்டிருந்தோம். சாப்பாடு இல்லையே, ஊசி போட்டால் சீனி அடியோடு இறங்கிவிடும் என்று பயந்து, மூன்றாம் நாள் காலையும் மாலையும் மாமிக்குப் போடும் இன்சுலினை நாங்களாகவே நிறுத்திவிட்டோம். ஏறுகிற நேரத்தில் இருந்த ஒரே பிடியையும் கைவிட்டது போலாகிவிட்டது.

கோட்டிசோலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். சைற்றோகைனுக்கும் ஓமோனுக்கும் உள்ள உறவில் நடு இடம் அதற்குத்தான்.

மூளையின் அடியில் பரிவகக்கீழ் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. அதற்குக் கீழே பட்டாணியளவில் கபச்சுரப்பி. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அதிரினல் சுரப்பிகள். பரிவகக்கீழ் கபச்சுரப்பிக்குச் சொல்ல, கபச்சுரப்பி அதிரினலுக்குச் சொல்ல, அதிரினல் கோட்டிசோலைச் சுரக்கும். இது கவலை, பயம், பட்டினி ஆகியவற்றுக்கு வேலை செய்யும் ஏற்பாடு என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். 1986இல் ஹூகோ பெசெடோவ்ஸ்கியும் கூட்டாளிகளும் இன்டர்லூகின்-1ஐ விலங்குகளுக்கு ஏற்றியபோது, இந்த மொத்தச் சங்கிலியும் எழும்புவதைக் காட்டினார்கள். அடுத்த வருடமே, அந்தச் செய்தி பரிவகக்கீழின் வழியாகத்தான் போகிறது என்று வேறு ஆய்வுக் குழுக்கள் உறுதிப்படுத்தின. கிருமி வந்ததை மூளை கண்ணால் காண்பதில்லை, காதால் கேட்பதுமில்லை. வெண்குருதிக் கலம் விடும் புரதத்தைக் கொண்டு அறிகிறது. வயிற்றையும் நெஞ்சையும் தொட்டுப் போகும் வேகசு நரம்பும் அந்தச் செய்தியை மேலே கொண்டுபோகிறது.

இதில் என்னை எப்போதும் வியக்கவைப்பது அடுத்த கட்டம். சைற்றோகைனால் எழும்பிய அந்தக் கோட்டிசோல், திரும்பி வந்து சைற்றோகைனையே அடக்கும். வெண்குருதிக் கலங்களுக்குள் போய், "போதும், இனிச் செய்தி அனுப்ப வேண்டாம்" என்று அவற்றின் மரபணுக்களை அமர்த்தும். மட்டக்களப்பு வாவிக்கரையில் இருக்கிறவர்களுக்கு இதை விளங்கவைப்பது லேசு. மாரி வெள்ளம் வாவியில் ஏறினால், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டிவிட வேண்டும். வெட்டாவிட்டால் படுவான்கரை வயல் அழியும். நேரங்கெட்ட நேரத்தில் வெட்டினால் வாவி வற்றும், உப்புத் தண்ணீர் உள்ளே வரும், மீன்பிடிகாரருக்குப் பாடு இல்லை. கோட்டிசோல்தான் உடம்பின் முகத்துவாரம். அழற்சி, அதாவது கிருமியோடு பிடிக்கும் சண்டையில் உடம்பில் எழும் சூடும் வீக்கமும், வெள்ளமாக ஏறும்போது அது திறக்க வேண்டும், திறந்தபடியே கிடக்கவும் கூடாது.

இதை மருந்தாக மாற்றிய கதை 1948இல் நடந்தது. அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற வைத்தியர், மூட்டுவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கோட்டிசோலின் சகோதரமான கோட்டிசோனை ஊசியாகப் போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கும் எட்வர்ட் கென்டலுக்கும் தடேயஸ் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கொவிட் காலத்தில், 2020 ஜூனில், பிரித்தானிய ஆய்வொன்று அதே குடும்பத்து டெக்சாமெதசோன், செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளரின் சாவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்ததைக் காட்டியது. அந்த நோயாளரைக் கொன்றுகொண்டிருந்தது கிருமி மட்டுமல்ல, அடங்காமல் போன சைற்றோகைன் வெள்ளமும்தான்.

இந்த மருந்துகளைப் பற்றி ஊரில் நான் காணும் ஒரு பழக்கம் எனக்குப் பெரிய கவலை. உளைவு, மூட்டுநோ, இழுப்பு என்று என்னவென்று தெரியாத குளிசையை வாங்கிப் போடுகிறோம். போட்டதும் காற்றைப் போல உடம்பு இலேசாகிவிடும். அந்தக் குளிசை ஸ்டீரொயிட்டாக இருந்தால், அதாவது பிரெட்னிசொலோனோ டெக்சாமெதசோனோ ஆக இருந்தால், இரண்டு காரியம் நடக்கும். இரத்தச் சீனி ஏறும், ஏனென்றால் அது கோட்டிசோலின் வேலையைத்தான் செய்கிறது. பல கிழமைகள் தொடர்ந்து போட்டால், வெளியிலிருந்து வேண்டியது வருகிறதே என்று அதிரினல் சுரப்பி சுரப்பதைக் குறைத்துத் தூங்கிப்போகும். அந்த நிலையில் குளிசையைத் திடீரென நிறுத்தினாலோ, கடும் காய்ச்சல் வந்தாலோ, சைற்றோகைன்கள் எவ்வளவு கூப்பிட்டும் அதிரினலால் எழும்ப முடியாது. இரத்த அமுக்கம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். வைத்தியர் எழுதித் தந்த ஸ்டீரொயிட்டை நாமாக நிறுத்தக்கூடாது என்று சொல்வது இதனால்தான். எழுதித் தராததை வாங்கிப் போடக்கூடாது என்பதும் இதனால்தான்.

காய்ச்சல் இல்லாத நாளிலும் இந்தப் பேச்சு நடக்குமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். நடக்கும், தணிந்த குரலில். 1993இல் பொஸ்டனில் கொக்கான் ஹொட்டாமிஸ்லிகிலும் புரூஸ் ஸ்பீகல்மனும், பருத்த எலிகளின் கொழுப்பு இழையமே ரி.என்.எஃப் சுரப்பதையும், அதைத் தடுத்தால் இன்சுலின் நன்றாக வேலை செய்வதையும் கண்டார்கள். வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடக்கும் சேமிப்பு அல்ல, ஓயாமல் செய்தி விட்டுக்கொண்டிருக்கும் இழையம் என்பது அதிலிருந்துதான் வலுவாக விளங்கியது. ஆனால் மனிதருக்கு ரி.என்.எஃபைத் தடுக்கும் மருந்து கொடுத்துச் சீனி வருத்தத்தை மாற்றலாம் என்ற எதிர்பார்ப்பு பெரிதாகப் பலிக்கவில்லை. உடம்பில் ஒரு பாதையை அடைத்தால் செய்தி இன்னொரு பாதையால் போய்விடும்.

ஒரு சைற்றோகைனை நல்லது, கெட்டது என்று பிரிக்கவும் கூடாது. இன்டர்லூகின்-6 கெட்ட பெயர் எடுத்த ஒன்று. ஆனால் வரம்பு கட்டும்போதும் வலை இழுக்கும்போதும் வேலை செய்கிற தசையே அதைச் சுரக்கிறது. அந்த நேரம் அது ஈரலையும் கொழுப்பையும் எரிபொருள் அனுப்பச் சொல்லும், வேலை முடிந்ததும் இறங்கிவிடும். நாள்பட்ட அழற்சியில் மாதக்கணக்கில் இறங்காமல் நிற்கும் இன்டர்லூகின்-6 செய்வது வேறு. எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில்தான் பொருள் மாறுகிறது.

மாமிக்கு வாட்டில் எடுத்த இரத்தச் சோதனையில் தைரொயிட் கணக்கும் குறைவாக வந்தது. மனைவி பயந்துபோனாள், இது வேறா என்று. டொக்டர் இப்போதைக்கு மருந்து வேண்டாம், சுகமான பின் திரும்பப் பார்ப்போம் என்றார். அதற்கும் இதே காரணம். தைரொயிட் சுரப்பி பெரும்பாலும் ரி4 என்ற ஓமோனைத்தான் விடும். ஈரல் போன்ற இடங்களில் அது ரி3 ஆக மாறினால்தான் வேலைக்கு உதவும். கடும் நோயில் சைற்றோகைன்கள் அந்த மாற்றத்தைக் குறைத்துவிடும், மூளையிலிருந்து வரும் தூண்டலையும் தணித்துவிடும். சுரப்பியில் கோளாறு இல்லை. வெள்ளத்துக்குள் நெல் அரைக்கும் மில்லை நிறுத்தி வைப்பது போல உடம்பு செலவைக் குறைக்கிறது. சுகமாகி ஒன்றரை மாதமளவில் மாமிக்குத் திரும்ப எடுத்த சோதனை சரியாகவே வந்தது.

இரும்பின் கதையும் இப்படித்தான். ஈரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற சின்ன ஓமோன், குடலிலிருந்து இரும்பு இரத்தத்துக்குப் போகும் வாசலை மூடும். அதை ஏற்றுவது இன்டர்லூகின்-6. 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சுகதேகிகளான தொண்டர்களுக்கு இன்டர்லூகின்-6ஐ ஏற்றியபோது, சில மணி நேரத்துக்குள் ஹெப்சிடின் ஏறி இரத்தத்து இரும்பு இறங்கியது. கிருமிக்கும் இரும்பு வேண்டும், ஆகவே உடம்பு அதை ஒளித்து வைக்கிறது. குறுகிய காலத்துக்கு இது நல்ல தந்திரம். ஆனால் மூட்டுவாதம், காசநோய் போல நாள்பட்ட வருத்தம் உள்ளவருக்கு இந்த வாசல் மாதக்கணக்கில் மூடியே கிடக்க, இரத்தசோகை வரும். முருங்கையிலையும் ஈரலும் சமைத்துக் கொடுக்கிறோம், இரும்புக் குளிசையும் போடுகிறார், ஆனாலும் ஏறுதில்லை என்று வீட்டார் மனம் உடைவதைக் கண்டிருக்கிறேன். சமையலில் பிழை இல்லை. முதலில் அழற்சி அடங்க வேண்டும்.

இனப்பெருக்க ஓமோன்களும் தப்புவதில்லை. கடுமையான வருத்தத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதும், ஆண்களுக்கு ரெஸ்ரொஸ்ரெரோன் இறங்குவதும் மூளையில் தொடங்கும் அந்தச் சங்கிலியைச் சைற்றோகைன்கள் தணிப்பதால்தான். பிள்ளைகளில் நீண்ட கால அழற்சி இருந்தால் வளர்ச்சி ஓமோன் சுரந்தும் ஈரல் அதற்குச் செவிசாய்க்காது. அதனால் வயதுக்கேற்ற உயரம் வராமல் போகும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பின் எங்கள் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன். காய்ச்சல் என்றால் மாமிக்கு நான்கு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் சீனி பார்ப்போம். தண்ணீர் அடிக்கடி கொடுப்போம். சாப்பாடு குறைந்துவிட்டது என்று இன்சுலினை நாங்களாக நிறுத்துவதில்லை, கூட்டுவதும் இல்லை. கிளினிக்குக்கு அழைத்து எண்ணைச் சொல்லி எவ்வளவு போடுவது என்று கேட்போம். சிலருடைய குளிசைகள் சாப்பாடு இல்லாதபோது சீனியை அபாயமாக இறக்கும், சில குளிசைகளைக் கடும் வருத்தத்தில் இடைநிறுத்தவும் சொல்வார்கள். ஆகவே ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவர் செய்யக்கூடாது. டெங்குக் காலத்தில் காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர வேறு நோக்குளிசை கொடுப்பதே இல்லை. சத்தி நிற்காவிட்டால், மூச்சு வாங்கினால், கதை தடுமாறினால், 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

வாட்டில் மாமியின் இன்சுலின் அளவைக் கூட்டினார்கள். கிருமிக்கொல்லி மருந்து பிடித்துக் காய்ச்சல் விட்டதும், அளவும் படிப்படியாக இறங்கியது. வீட்டுக்கு வந்து இரண்டு கிழமையில் பழைய அளவுக்கே வந்துவிட்டது. உணவு மாறவில்லை, ஊசி மருந்தின் வகையும் மாறவில்லை, வெண்குருதிக் கலங்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டன.

மச்சானிடம் இவ்வளவையும் ஒரு நாள் இரவு இருந்து சொன்னேன். ஈரல் சீனி செய்யும் என்ற இடத்தில் நிறுத்தி, "அப்ப அம்மா சொன்னது சரிதான்" என்று கேட்டான். ஓம் என்றேன். எழும்பி உள்ளே போனான். என்ன கதைத்தான் என்று எனக்குத் தெரியாது. இப்போது காய்ச்சல் என்றால் மாமியின் விரலைப் பிடித்து, சூடான துணியால் துடைத்துக் குத்திப் பார்த்து, நேரத்தோடு கிளினிக் கொப்பியில் எழுதுவது அவன்தான்.